தலையில் மிளகாய் அரைப்பவரை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

என் மாலை வகுப்புக்கு வரும் தம்பி ஒருவன் மேனேஜருக்கு எழுதிய மெயிலைக் காட்டினான். ஒவ்வொரு சனிக்கிழமையும் "சின்ன ரிப்போர்ட்தான்பா" என்று வேலையைத் தலையில் கட்டுகிறாராம். முதல் வரியே "யூ ஆர் எக்ஸ்பிளாய்ட்டிங் மீ."

"அனுப்பிட்டியா?"

"இல்ல மேடம்."

நல்ல வேளை. எக்ஸ்பிளாய்ட் என்றால் சுரண்டல். நம் அரசியலமைப்பில் 23, 24-ஆம் பிரிவுகளுக்குத் தலைப்பே 'சுரண்டலுக்கு எதிரான உரிமை'தான். மனித வணிகம், கட்டாய வேலை, 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்துவது, இவையெல்லாம் அங்கே வருகின்றன. சனிக்கிழமை ரிப்போர்ட்டுக்கு அந்தச் சொல் கொசுவுக்குக் கோடாலி.

அதனால் டிக்‌ஷனரியைத் திறக்கும் முன் உங்கள் மனக்குறையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "என்னை ஒரு பொருட்டாவே நினைக்கிறதில்ல, எப்பவும் செய்வேன்னு இருக்காங்க" என்று வாயில் வருகிறதா? அது டேக் ஃபார் கிராண்டட். தம்பியின் குறை அதுதான். ஆனால் மேனேஜரிடம் அதையும் சொல்ல வேண்டாம், "கடந்த நாலு சனிக்கிழமையும் வேலை செய்தேன், இதை முன்கூட்டியே திட்டமிடலாமா" என்று எழுது என்றேன்.

"குனியக் குனியக் குட்டுறான்" என்றால் வாக் ஆல் ஓவர். குனிகிற ஆளுக்கு டோர்மேட் என்று பெயர், நம் வாசல் மிதியடியேதான். "இடம் கொடுத்தா மடம் பிடுங்குறான்" என்பதற்கு அவர்கள் அங்குலம் கொடுத்தால் மைலை எடுப்பான் என்கிறார்கள். எனக்கு நம் மடம்தான் பிடிக்கும். கேட்காமல் நம் ஃப்ரிட்ஜைத் திறக்கிற அளவுக்கு உரிமை எடுத்துக்கொள்பவர் டேக்ஸ் லிபர்ட்டீஸ். ஓசிச் சோற்றுக்கு ஃப்ரீலோட், ஸ்பாஞ்ச் ஆஃப். இதையே அமெரிக்கர்கள் 'மூச்' (mooch) என்பார்கள்.

டேக் அட்வான்டேஜ் ஆஃப் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பின்னால் தள்ளுபடியோ வாய்ப்போ வந்தால் அது நல்ல சொல், பயன்படுத்திக்கொள்வது. ஆள் வந்தால் ஏமாற்றிப் பயனடைவது. அதிலும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் பாலியல் அத்துமீறல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வகுப்பில் ஓர் அக்கா, தன் மிக்ஸியை அடிக்கடி இரவல் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி "ஹீ டேக்ஸ் அட்வான்டேஜ் ஆஃப் மீ" என்று சொல்லிவிட, பின் பெஞ்சில் ஒரே அமைதி.

கடைசியாக இம்போஸ் ஆன். இதைப் பெரும்பாலும் நம்மைப் பற்றி நாமே சொல்வோம். சாப்பிட்டுத்தான் போகணும் என்று யாராவது வற்புறுத்தும்போது, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிற இழுப்பு இருக்கிறதே, அது. இதையே இன்னும் பழைய கடித நடையில் சொல்ல ப்ரிஸ்யூம் ஆன் இருக்கிறது: உங்கள் தயவை நம்பி அத்துமீறுகிறேனோ என்கிற தொனி. ஆளைச் சொல்லும்போது 'ஆன்' கட்டாயம். அபராதம், வரி என்று வந்தால் இதே இம்போஸ்தான், ஆனால் பொருள் 'விதிப்பது'.

தம்பி மெயிலை மாற்றி அனுப்பினான். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் அவனுடைய ரெஸ்யூமே வந்தது, நாலு பக்கம், காலைக்குள் திருத்தித் தரவேண்டுமாம். கீழே "ஐ டோன்ட் வான்ட் டு இம்போஸ் யூ, மேடம்" என்று ஒரு வரி.

'ஆன்' விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.