ஃப்ராஸ்ட்கிரேவ்: கும்பலுக்கு அடுத்த ஆளை எடுப்பது எப்படி?

ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற மேசைப் பொம்மைச் சண்டை ஆட்டத்தில் இரண்டு மூன்று ஆட்டம் முடிந்து கையில் தங்கம் சேர்ந்ததும் எல்லோருக்கும் வருகிற யோசனை ஒன்றுதான்: ஒரு நைட்டை (கனத்த கவசம் போட்ட வீரன்) எடுத்துவிடலாமா? என் அக்கா மகனும் அதையேதான் கேட்டான். "மாமா, சண்டைக்கு +4, கவசம் 13. இதுக்கு மேல என்ன வேணும்?" அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜோசப் மெக்கல்லோ எழுதி ஆஸ்ப்ரே பதிப்பகம் 2015இல் வெளியிட்டது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பைத்தான் நாங்கள் ஆடுகிறோம். ஃபெல்ஸ்டாட் என்ற பனியில் உறைந்த நகரம் மெல்ல உருக, அதன் இடிபாடுகளுக்குள் மந்திரவாதிகள் தங்கள் சீடனையும் கூலியாட்களையும் கூட்டிக்கொண்டு புதையல் தேடிப் போகிறார்கள். ஒரு கும்பலில் அதிகபட்சம் 10 பேர்: மந்திரவாதி, சீடன், கூலியாட்கள் 8.

ஆள் எடுப்பதற்கு முன் விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கடைசியாக ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்தப் புதையல் கைநழுவியது, ஏன்? தூக்கியவன் மெதுவாக நடந்தானா, வழியில் அம்பு பட்டு விழுந்தானா, அல்லது அதன் பக்கத்தில் போகவே ஆள் இல்லையா? இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு ஆட்கள் வேண்டும். இந்த ஆட்டத்தில் எத்தனை பேரைச் சாய்த்தோம் என்பதை விட எத்தனை புதையலை மேசை விளிம்பு தாண்டிக் கொண்டுபோனோம் என்பதுதான் கும்பலை வளர்க்கும்.

இரண்டாம் பதிப்பில் அடியாளுக்கும் திருடனுக்கும் கூலியே கிடையாது, இலவசம். அதனால் எட்டு இடமும் எப்போதும் நிரம்பியே இருக்கும். புதிதாக ஒருவனை எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற ஒருவன் வெளியே போகவேண்டும். ஆகவே நைட் நல்லவனா என்ற கேள்விக்கு அர்த்தம் இல்லை, நல்லவன்தான். வெளியே போகிற அடியாளை விட, அதே வேலையில், அவன் எவ்வளவு நல்லவன் என்று கேட்க வேண்டும்.

சண்டையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேரும் 20 முகப் பகடையை உருட்டி, தங்கள் சண்டை எண்ணைக் கூட்டுகிறார்கள். கூடுதல் எடுத்தவர் ஜெயிப்பார். அந்தத் தொகையிலிருந்து எதிராளியின் கவசத்தைக் கழித்தால் மிஞ்சுவது அடி. நைட்டுக்கு +4, அடியாளுக்கு +2. பகடை 20 வரை தாவும்போது இந்த இரண்டு புள்ளி வித்தியாசம் பெரிய சுவர் இல்லை. கணக்குப் போட்டால் 100க்கு சுமார் 57 முறை நைட் ஜெயிக்கிறான், 38 முறை அடியாள் ஜெயிக்கிறான், மீதி சமம். சமம் வந்தால் இருவருக்குமே அடி. இன்னொன்றும் இருக்கிறது. அதே எதிரியோடு உங்கள் இன்னொரு ஆளும் ஒட்டி நின்று, அந்த இன்னொரு ஆளை வேறு எதிரி யாரும் தொடாமல் இருந்தால், சண்டை எண்ணில் +2 கூடும். இரண்டு இலவச அடியாட்கள் சேர்ந்து நின்றால் நைட்டுக்குச் சமம், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் நைட் எதற்கு? கவசத்துக்கு. எதிராளி மொத்தம் 17 எடுத்து ஜெயித்தால் அடியாளின் 10 கவசத்தில் 7 புள்ளி அடி விழும். அவனிடம் இருக்கும் உயிர்ப் புள்ளியே 10தான். அதே அடி நைட்டுக்கு 4தான், அவனுக்கு உயிர் 12. ஆகவே அவன் சாய்க்கிற ஆள் இல்லை, சாயாமல் நிற்கிற ஆள். சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்து, அங்கே ஒருவன் நின்றால் பின்னாடி புதையல் பத்திரமாகப் போகும் என்றால் அவனை அங்கே நிறுத்துங்கள். எங்கள் மேசையில் தெர்மோகோல் சுவர்களை நெருக்கி அடுக்குவோம் (தெர்மோகோலுக்கு ஃபெவிக்விக் போடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும், சாதாரண ஃபெவிகாலே போதும்). அப்படி நெருக்கமான மேசையில் நைட்டுக்கு வேலை இருக்கும். திறந்த வெளியாக அடுக்கினால் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.

அவனைப் புதையல் தூக்க மட்டும் விடாதீர்கள். புதையலைத் தூக்கியவனுக்கு நடை பாதியாகிவிடும், சண்டையிலும் ஒரு புள்ளி குறையும். ஒரு சுற்றில் இரண்டு செயல். இரண்டையும் நடக்கவே செலவழித்தால் இரண்டாவது நடை முதல் நடையில் பாதிதான். நைட்டின் நடை 5 அங்குலம். சுமையோடு 2½, பிறகு 1¼, ஆக ஒரு சுற்றுக்கு 3¾. திருடனின் நடை 7: சுமையோடு 3½, பிறகு 1¾, மொத்தம் 5¼. மூன்றடிக்கு மூன்றடி மேசையில் நடுப் புதையலிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் 18 அங்குலம். நைட்டுக்கு 5 சுற்று, திருடனுக்கு 4. நடுவில் ஒரு சுவர் ஏறி இறங்க வேண்டியிருந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

இலவசமாக வருகிற திருடனே தூக்குவதற்கு இவ்வளவு நல்லவன் என்றால், காசு கொடுத்து ட்ரெஷர் ஹன்டரை (புதையல் வேட்டைக்காரன்) எதற்கு எடுப்பது? அவனுக்கும் நடை அதே 7தான். ஆனால் சண்டைக்கு +3, கவசம் 11, உயிர் 12. வழியில் ஒருவன் மறித்தால் திருடன் அநேகமாகச் சாய்வான், இவன் பதிலுக்கு அடித்துவிட்டு நடையைக் கட்டுவான். என் கருத்தில் முதல் பெரிய செலவு இவனுக்குத்தான் போகவேண்டும். அக்கா மகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ட்ரெஷர் ஹன்டர், நைட், டெம்ப்ளர், பார்பேரியன், ரேஞ்சர் எல்லோரும் சிறப்பு ஆட்கள் என்ற கணக்கில் வருவார்கள். ஒரு கும்பலுக்கு அப்படி 4 பேர்தான். அந்த நாலு இடத்தையும் ஒரே ஆட்டத்துக்குப் பிறகு நிரப்ப அவசரப்படாதீர்கள். ஆட்டத்தில் சாய்ந்த கூலியாளுக்கு முடிந்ததும் அதே 20 முகப் பகடையை ஒருமுறை உருட்ட வேண்டும்: 1 முதல் 4 வரை வந்தால் செத்தான், 5 முதல் 8 வரை வந்தால் பலத்த காயம், அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டான். அதாவது சாய்கிற ஐந்து பேரில் ஒருவன் திரும்பமாட்டான். கையிருப்பு மொத்தத்தையும் ஒரே ஆள் மேல் கொட்டினால் அந்த ஒரு பகடைதான் உங்கள் அடுத்த மாதத்தைத் தீர்மானிக்கும்.

இனி, யாரோடு யார் போவது என்பது. மந்திரவாதி தன் முறை வரும்போது 3 அங்குலத்துக்குள் இருக்கும் 3 கூலியாட்களைத் தன்னோடு நகர்த்தலாம்; சீடனுக்கும் அப்படியே. ஆக ஆறு பேர் முன்கூட்டியே நகர்ந்துவிடுவார்கள், மீதி இரண்டு பேர் கடைசியில் தனியாக நகர வேண்டும். அந்த இரண்டு இடத்துக்கு யாருடைய துணையும் தேவைப்படாத ஆளாகப் பாருங்கள். உயரத்தில் ஏறி நின்று எய்கிற ஆர்ச்சர் (வில்லாளி) ஒருவன், ஓரமாக ஓடிப்போய் விளிம்புப் புதையலைத் தூக்குகிற திருடன் ஒருவன், இந்த ஜோடி எனக்குப் பிடிக்கும். கிராஸ்போக்காரன் (குறுக்குவில் எய்கிறவன்) 2 புள்ளி அதிகமாக அடி போடுவான், ஆனால் எய்தபின் திரும்பவும் பூட்ட ஒரு செயல் செலவாகும். நகர்ந்துகொண்டே எய்ய வேண்டுமென்றால் ஆர்ச்சர், ஒரே ஜன்னலில் குந்தியிருக்க வேண்டுமென்றால் கிராஸ்போ.

மனவுறுதி என்றொரு எண் இருக்கிறது, யாரும் பார்க்கமாட்டார்கள். எதிராளியிடம் மனதை வசப்படுத்தும் மந்திரம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். நைட்டுக்கு +1, பார்பேரியனுக்கு +3. காசு கொடுத்து எடுத்த ஆள் எதிர்ப்பக்கம் போய் உங்களையே அடிப்பதைப் பார்க்க நேர்ந்தால் வயிறு எரியும். பார்பேரியனுக்குக் கவசம் வெறும் 10தான், ஆனால் உயிர் 14, இரட்டைக் கை ஆயுதத்தால் 2 புள்ளி கூடுதல் அடி.

வேட்டை நாய் 8 அங்குலம் ஓடும், புதையல் தூக்காது. எதிரி ஆர்ச்சரின் காலில் போய்ச் சிக்கவைக்க ஒன்று போதும்.

உங்கள் மந்திரவாதிக்குத் தெரிந்த மந்திரமும் கணக்கில் வரவேண்டும். யாரும் தூக்காமல் கிடக்கும் புதையலை 6 அங்குலம் இழுக்கும் டெலிகினெசிஸ் இருந்தால் முன்வரிசைக்குத் திருடன் குறைவாகவே போதும், அந்த இடத்தில் சண்டைக்காரனைப் போடலாம்.

கடைசியாக, கையில் தொடுகிற பொம்மை. இந்த ஆட்டத்தில் எந்த நிறுவனத்தின் பொம்மையையும் வைத்துக்கொள்ளலாம், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நார்த் ஸ்டார் விற்கும் ஃப்ராஸ்ட்கிரேவ் சோல்ஜர்ஸ் பிளாஸ்டிக் பெட்டியில் 20 பேர்; தலை, கை, ஆயுதம் எல்லாம் தனித்தனி. இருவர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 10, ஒரு கும்பலுக்குச் சரியாக இருக்கும். எல்லோரையும் ஒரே நாளில் ஒட்டி முடிக்காதீர்கள். அடியாள், திருடன், ஆர்ச்சர் என்று ஆறு பேரை ஒட்டி ஆட ஆரம்பித்துவிட்டு, மீதி உடம்புகளைக் கை இல்லாமல் வைத்திருங்கள். எந்த ஆளை எடுக்கிறீர்கள் என்று தெரிந்தபிறகு கையையும் வாளையும் ஒட்டிக்கொள்ளலாம். கிராஸ்போ ஏந்துகிற கைகளை மட்டும் இரண்டையும் ஒட்டாமல் உடம்பில் வைத்துப் பார்த்துவிட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். ஒரு கை காய்ந்த பிறகு அடுத்தது எட்டாது.

3டி பிரின்ட் எடுக்கிறவர்கள் ரெசினில் எடுங்கள். வில்லும் ஈட்டியும் சாதாரண ரெசினில் ஒரு தட்டுக்கு உடையும். வளைந்து கொடுக்கிற ரெசினைக் கொஞ்சம் கலந்து அடிக்கச் சொன்னால் தாங்கும். பெயின்ட் அடிக்கும்போது அடித்தட்டு ஓரத்துக்கு வேலைவாரியாக ஒரு நிறம் கொடுங்கள்: தூக்குகிறவனுக்கு மஞ்சள், எய்கிறவனுக்குப் பச்சை, மறித்து நிற்கிறவனுக்குச் சிவப்பு. மேசையில் மஞ்சளே கண்ணில் படவில்லை என்றால் அடுத்து யாரை எடுக்கவேண்டும் என்று புத்தகத்தைத் திறக்காமலே தெரிந்துவிடும்.