சிலோன் பசலை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலோன் பசலை கேட்டால் சில நர்சரிகளில் கொடிப்பசலையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்த்து வாங்குங்கள். இது கொடி அல்ல. சதைப்பற்றான தண்டோடு நிமிர்ந்து வளரும், உச்சியில் சின்னதாக ரோஸ் நிறப் பூ இருக்கும். கேரளத்தில் சாம்பார் சீரா என்பது இதைத்தான். ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் இலை தரும், பச்சையாகவே சாலட்டில் போடலாம். அப்படியும் சென்னை மாடிகளில் இது வீணாவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்தான்.

இலையும் தண்டும் நீரைச் சேர்த்து வைத்திருப்பவை. மே மாத மதியத்தில் இலை துவண்டதும் பலர் குடத்தைத் தூக்கிவிடுகிறார்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சாயங்காலம் செடி தானாகவே நிமிர்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் கவனம் தேவை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அடைமழை என்றால் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். தண்டின் அடி பழுப்பாகிக் கொழகொழத்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதும் கைவிட வேண்டாம். அழுகலுக்கு மேலே நல்ல நுனியாக ஒரு சாண் வெட்டி, அரை நாள் நிழலில் காயவிட்டு, வேறு மண்ணில் நடுங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆர்ஓ கழிவுநீரைத் தொட்டியில் ஊற்றும் சிக்கனமும் வேண்டாம். உப்பு சேர்ந்துகொண்டே போகும்; மண்மேல் வெள்ளையாகப் படிவது அதன் அடையாளம். கடலோரப் பகுதி போர் தண்ணீருக்கும் இதே கதைதான். மழைநீர் கிடைத்தால் பிடித்து வையுங்கள்.

பூ அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் இலை சிறுத்துவிடும். கடுகைவிடப் பொடியான கறுப்பு விதைகள் சிதறி, பக்கத்துத் தொட்டி, தளவோட்டு இடுக்கு என்று எல்லா இடத்திலும் முளைக்கும். நுனியை அடிக்கடி கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் சரி.

மாவுப்பூச்சி வந்த நுனியை வெட்டி எறியுங்கள். பச்சையாகத் தின்னும் இலையில் மருந்து எதற்கு?

அப்புறம், ‘இயற்கைதானே’ என்று கிண்ணம் கிண்ணமாகவும் சாப்பிடக்கூடாது. இதில் ஆக்சலிக் அமிலம் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். மற்றவர்கள் ஒரு கைப்பிடி இளம் இலையை வெள்ளரி, வெங்காயத்தோடு கலந்துகொள்ளலாம். இலையே லேசாகப் புளிக்கும், எலுமிச்சையைக் குறைத்துப் பிழியுங்கள்.