ஸ்போர் ரிசெப்டாரில் ஜிஎஃப்பி ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை

பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் ஸ்போரில் (உறங்கும் வித்து) சத்து வந்ததை உணர்ந்து முளைக்க வைக்கும் ரிசெப்டாரை, ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டி ஒளிர வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நிறம் என்றுதான். அது அப்புறம். எந்த ஜீனில், எந்த முனையில் ஒட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ரிசெப்டார் என்பது ஏ, பி, சி என மூன்று புரதங்கள் சேர்ந்தது, மூன்றின் ஜீன்களும் ஒரே ஓப்பரானில், அதாவது ஒரே புரோமோட்டரின் (ஜீனை ஓட வைக்கும் தொடக்கப் பகுதி) கீழ் வரிசையாக இருக்கும். ஜெர்ஏ, ஜெர்கே என்பவை இப்படிப்பட்ட இரண்டு ரிசெப்டார்கள். சி புரதம் உட்சவ்வின் வெளிப்பக்கம் இருப்பதால் அதை விட்டுவிடுங்கள், சாதாரண ஜிஎஃப்பி அங்கே போனால் சரியாக மடியாமல் இருட்டாகவே கிடக்கும். ஜெர்ஏ ஓப்பரானில் முதல் ஜீனிலோ நடு ஜீனிலோ, ஜிஎஃப்பி-யைச் சுமந்துவரும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடைச் செருகினால் பின்னால் உள்ள ஜீன்களுக்கு புரோமோட்டர் அறுந்துபோகும், அதோடு ரிசெப்டாரும் போச்சு. ஜெர்கே ஓப்பரானில் வரிசை ஏ, சி, பி. கடைசியில் நிற்கும் ஜெர்கேபி-யின் (ஜெர்கே-யின் பி புரதம்) சி-முனை, அதாவது புரதத்தின் கடைசி முனைதான் சௌகரியம்.

ஜீனின் கடைசி 500 பேஸ் அளவுத் துண்டை ஸ்டாப் கோடான் (புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி) இல்லாமல் எடுத்து, கிளைசீன்–செரீன் லிங்கர் (இரண்டு புரதத்தையும் இணைக்கும் சிறு துண்டு) வைத்து, ரீடிங் ஃபிரேம் (மூன்று மூன்று பேஸாகப் படிக்கும் வரிசை) பிசகாமல் ஜிஎஃப்பி-யோடு சேர்த்து, பேசிலஸில் பெருகாத பிளாஸ்மிடில் போட்டு உள்ளே விடுங்கள். அந்தத் துண்டு குரோமோசோமில் உள்ள தன் ஜோடியோடு ஒரே இடத்தில் மாறிச் சேரும் ஒற்றை கிராஸ்ஓவரில் முழு ஜீனும் ஜிஎஃப்பி-யோடு தன் சொந்த புரோமோட்டரின் கீழேயே உட்காரும். சைலோஸ், ஐபிடிஜி சேர்த்தால் ஓடும் புரோமோட்டர் எல்லாம் இங்கே வேண்டாம். இந்த ஜீன்கள் சிக்மா-ஜி என்ற புரதம் சொல்லி ஃபோர்ஸ்போருக்குள் (உருவாகிக்கொண்டிருக்கும் ஸ்போர்) எழுதப்படுபவை.

ஸ்போரின் மேலுறை தானாகவே ஒளிரும். இது தெரியாமல் ஒரு வாரம் 'அழகான சிக்னல்' என்று படம் எடுத்துத் தள்ளினேன், டேக் (ஒட்டிய ஜிஎஃப்பி) இல்லாத கன்ட்ரோலும் அதே பச்சையில் சிரித்தது. அதனால் மேலுறை சரியாக உருவாகத் தேவையான கோட்இ, ஜெர்இ ஜீன்களை நீக்கிய பிஎஸ்4150 போன்ற ஸ்ட்ரெயினில் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே உள்ள ஆன்டிபயாடிக் எதிர்ப்பைப் பார்த்துவிட்டு உங்கள் பிளாஸ்மிடின் எதிர்ப்பு மார்க்கரைத் தேர்ந்தெடுங்கள்.

37 டிகிரியில் ஸ்போருலேஷன் ஊடகத்தில் வளர்த்து, 4 டிகிரி தண்ணீரில் பல நாள் கழுவுங்கள். சென்ட்ரிஃபியூஜ் செய்ததும் வண்டல் இரண்டு அடுக்காகத் தெரியும். மேலே தளர்வாக இருப்பது செத்த செல் குப்பை, மெல்லக் குலுக்கினால் தண்ணீரோடு வந்துவிடும். கீழே இறுகி இருப்பதுதான் ஸ்போர். மேலுறை இல்லாத ஸ்போர் என்பதால் செல் சுவரை அரிக்கும் லைசோசைம் பக்கமே போகாதீர்கள்.

மைக்ரோஸ்கோப்பில் சவ்வு முழுக்க வளையமாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரிசெப்டார்கள் ஜெர்டி புரதத்தோடு கொத்தாகக் கூடுவதை ஸ்போர் ஆய்வாளர் பீட்டர் செட்லோவின் குழு 2011-இல் காட்டியது. ஸ்போருக்கு ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தால் சரி.

புள்ளி தெரிந்தால் மட்டும் போதாது, ரிசெப்டார் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் எல்-அலனைன் என்ற அமினோ அமிலத்தை ஊற்றி, முளைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அலனைனுக்கு முளைப்பது ஜெர்ஏ வழியாக, நீங்கள் டேக் போட்டதோ ஜெர்கே-யில்! 70 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, ஐஸில் ஆற்றி, ஜெர்கே-க்கு வேண்டிய அஸ்பராஜின், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், பொட்டாசியம் நான்கையும் கொடுத்து, முளைக்க முளைக்க ஓடி600 (600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் கலங்கல்) இறங்குவதைப் பாருங்கள். பக்கத்திலேயே டேக் இல்லாத தாய் ஸ்ட்ரெயினும், ஜெர்கே நீக்கிய ஸ்ட்ரெயினும் ஓட வேண்டும்.