உணவுக்குழாயில் வழவழப்பான கட்டியா? உடனே கிள்ளிப் பார்க்க வேண்டாம்

காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, வெள்ளைப் பணியாரத்தை ஒரு வாய் பிட்டுப் போட்டதும் ஒரு மடக்குத் தண்ணீர், அடுத்த வாய்க்கு இன்னொரு மடக்கு என்று இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டால், "வாயுடா, ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போகும்" என்றார். அப்படியே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார். முதல் தவறு அதுதான். சோறு நெஞ்சில் நிற்பது சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டும்.

பார்த்தார்கள், கட்டி இருந்தது. வீடே புற்றுநோய் என்று அழுதது. பயம் நியாயம்தான். உணவுக்குழாயில் வரும் கட்டிகளில் சாதுவானவை, அதாவது புற்றல்லாதவை, நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அந்தச் சாதுக் கட்டிகளில் அதிகம் வருவது லியோமயோமா என்ற தசைக்கட்டி. பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள், குழாயின் நடுவிலும் கீழ்ப்பகுதியிலும் வரும். அது புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம்.

பெரிய தவறு இனிமேல்தான். கட்டி என்றதும் "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க" என்று நாமே அவசரப்படுத்துகிறோம். இந்தக் கட்டி இருப்பது உள்தோலுக்கு அடியில், தசையில். மேலே தோல் வழவழவென்று நன்றாக இருக்கும். கிள்ளினால் தோல்தான் வரும், ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்றே வரும். அதோடு போகாது. ஊறிய மொச்சையைப் பிதுக்கினால் தோல் தனியே, பருப்பு தனியே வருமில்லையா? ஆபரேஷனிலும் கட்டியை அப்படித்தான் எடுப்பார்கள். கிள்ளிய இடம் தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொண்டால், பிதுக்கும்போது உள்தோல் கிழிந்துவிடும். தோலில் புண் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது பயாப்ஸி, அதாவது சதை கிள்ளி எடுத்துச் சோதிப்பது, அவசியம்.

முதலில் கேட்க வேண்டியது எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட். கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று அதில் தெரியும். பெரிதாகவோ ஒழுங்கில்லாமலோ இருந்தால் அதன் வழியே ஊசியில் சதை எடுப்பார்கள். புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் என்ற இன்னொரு கட்டியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்; எடுத்த சதையில் செய்யும் சி.டி. 117 என்ற சோதனை அதில் பெரும்பாலும் பாசிட்டிவ், லியோமயோமாவில் நெகட்டிவ்.

அப்புறம், தொந்தரவு தராத சின்னக் கட்டியை வெட்டச் சொல்லி நிற்பதும் தவறு. அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும். விழுங்க முடியவில்லை, கட்டி வளர்கிறது, 5 செ.மீ.யைத் தாண்டிவிட்டது என்றால் எடுக்கலாம். நெஞ்சில் சின்னத் துளை போட்டோ, எண்டோஸ்கோபி வழியாகவோ எடுக்கிறார்கள். உணவுக்குழாயையே அகற்றுவது மிகப் பெரிய கட்டிக்கும் குழாயைச் சுற்றி வளைத்த கட்டிக்கும்தான்.

ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கிளம்பும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே கிள்ளியிருந்தால், சர்ஜனிடம் முதல் பேச்சே அதுவாக இருக்கட்டும்.