கால், கோட்டை, கார்: பல பொருள் சொற்களில் எங்கே சறுக்குகிறோம்

பத்திரத்தின் நான்கெல்லையில் "வடக்கே கால், கிழக்கே முடுக்கு" என்று இருந்தால் திருநெல்வேலிப் பக்கம் பழக்கமில்லாதவர் கொஞ்சம் முழிக்கத்தான் செய்வார். காலும் தெரியும், ஆணியை முடுக்குவதும் தெரியும், ஆனால் இங்கே கால் என்பது வாய்க்கால், முடுக்கு என்பது சந்து. மனசில் முதலில் வந்து நிற்கிற பொருளையே பிடித்துக்கொண்டு மொத்த வாக்கியத்தையும் அதற்கேற்ப வளைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. 'வடக்கே' என்ற ஒரு சொல்லே போதுமான குறிப்பு, எல்லை சொல்கிற இடத்தில் உடம்பின் காலுக்கு என்ன வேலை? பாளையங்கால், மருதூர் மேலக்கால், ஸ்ரீவைகுண்டம் தென்கால் என்று தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே வராது. ஆனால் அதே பத்திரத்தில் நாலு வரி தள்ளி "கால் ஏக்கர்" வரும், அது நாலில் ஒரு பங்கு. ஒரு பக்கத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று நம்பிப் படித்தால் அங்கேயும் சறுக்கும்.

அடுத்தது அவசரம். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதுவரை பொறுக்க வேண்டும். கோட்டை என்றதும் மதிலை நினைத்துவிடுகிறோம். கோட்டை விட்டான் என்றால் ஏமாந்தான், இருபது கோட்டை அளந்தான் என்றால் நெல் (21 மரக்கால் ஒரு கோட்டை என்பது இந்தப் பக்கத்துப் பழைய கணக்கு). சரி, வினையைப் பார்த்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. ராஜா கோட்டை கட்டினால் கல்லும் சுண்ணாம்பும், நிலா கோட்டை கட்டினால் அதைச் சுற்றித் தெரிகிற ஒளிவட்டம். யார் கட்டியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆச்சு.

உருபைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் இலவசமாகக் கிடைக்கிற குறிப்பு அது. ஆற்றில் என்றால் நதி, ஆறில் ஒரு பங்கு என்றால் எண், ஆறியது என்றால் சூடு தணிந்தது. இலக்கணமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது, பிள்ளைகளோ ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேச்சில் இந்த உதவியும் சில நேரம் கைவிடும். "பையப் பிடி" என்றால் மெதுவாகப் பிடிக்கவா, பையை வாங்கிக்கொள்ளவா? சொல்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஆவணி, புரட்டாசியில் ஒரு விவசாயி "கார் அறுத்தாச்சா?" என்று கேட்டால் அது நெல், வண்டி இல்லை.

அகராதியைத் திறந்து முதல் பொருளோடு மூடிவிடுகிறவர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சில பொருள்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி வழக்கு என்று சுருக்கமாகக் குறித்தே வைத்திருக்கிறது, அதுவரை கண் போவதில்லை.

அப்புறம், எடுத்த பொருளை வாக்கியத்தில் திரும்ப வைத்துப் பார்ப்பதே இல்லை. "மேலுக்கு முடியலை, ரெண்டு நாளாப் படுத்திருக்கேன்" என்பதில் மேலே என்ற பொருளை வைத்தால் வாக்கியம் நிற்காது, உடம்பு என்று வைத்தால் நிற்கும். "தலைக்கு ஊத்தலை, மேலுக்குத்தான் குளிச்சேன்" என்று சொன்னாலோ இந்த வேலையும் மிச்சம், ஏனென்றால் எதிரே நிற்கிற தலையே மேல் என்பது கழுத்துக்குக் கீழே என்று சொல்லிவிடுகிறது.