ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஹைட்ரஜன் கோடு போதும்

முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்ததும் எல்லா டீமுக்கும் பல்சர் (சீராகத் துடிக்கும் ரேடியோ அலை அனுப்பும் விண்மீன்) பிடிக்கும் ஆசை வந்துவிடும். விடுங்கள், அது அத்தனை பெரிய ஆன்டெனாவின் வேலை. உங்களுக்கு ஏற்றது 1420.4 மெகாஹெர்ட்ஸ், அதாவது பால்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அனுப்பும் 21 செ.மீ. அலை, இதைத்தான் ஹைட்ரஜன் கோடு என்கிறோம். பனிமூட்டம் அதைத் தடுக்காது, குன்னூரில் கண்ணாடி டெலஸ்கோப் வாங்கியவர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

தேவையானவை: 15 செ.மீ. விட்டத் தகர டப்பா, அதன் வாயில் அலுமினியத் தகட்டுக் கூம்பு, 1420-க்கான ஃபில்டரோடு வரும் எல்என்ஏ (இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர்), ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்), க்னூ ரேடியோ என்ற சிக்னல் சாஃப்ட்வேர் போட்ட லேப்டாப். டப்பாவுக்குள் நிற்கும் செம்புக் கம்பி கால் அலைநீளம், 5 செ.மீ. சொச்சம். ஆனால் டப்பாவின் அடியிலிருந்து கம்பி வரை உள்ள தூரத்துக்கும் அதே கணக்கைப் போடாதீர்கள், ஏனென்றால் இந்த அகல டப்பாவுக்குள் அலை 37 செ.மீ. அளவுக்கு நீண்டுவிடும், அதில் கால் பங்கு என்றால் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். எல்என்ஏ கம்பியை ஒட்டியே இருக்கட்டும், கேபிள் அதற்கு அப்புறம்தான். கூம்பின் வாயைப் பாலிதீனால் மூடுங்கள், ஈரம் இறங்காது, அலை தாராளமாக நுழையும்.

முதல் சோதனை: வானத்துக்குக் காட்டிவிட்டுத் தரைக்குத் திருப்புங்கள். தரை சுமார் 300 கெல்வின், இரைச்சல் நன்றாக ஏற வேண்டும். ஏறவில்லையா, எல்என்ஏவுக்குக் கரன்ட் போகிறதா பாருங்கள். எதிரே நிற்கும் மலையும் தரைதான், அதனால் கூம்பைத் தாழ்த்தி வைக்காதீர்கள்.

மெக்கானிக்கல் நண்பன் இருந்தால் ஊட்டி தொலைநோக்கியை வடிவமைத்த கோவிந்த் ஸ்வரூப் செய்த வேலையைச் சின்ன அளவில் செய்யச் சொல்லுங்கள். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி, அதே சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து அதன் மேல் ஆன்டெனாவைப் படுக்க வைத்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே அச்சில் திருப்பினால் வானத்தைத் தொடரலாம். உங்கள் ஸ்டாண்டின் அச்சையும் வடக்கு நோக்கி 11 டிகிரி தூக்கிவிட்டால் ஒரு மோட்டார் போதும்.

அக்டோபர் மாலையில் வடக்கே உயரத்தில் பால்வெளி ஓடும் சிக்னஸ் விண்மீன் கூட்டம் இருக்கும், அங்கே தொடங்குங்கள். பால்வெளியை விட்டு விலகிய இடத்தில் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்து அதால் வகுத்தால்தான் கோடு மேடாகத் தெரியும். ஹைட்ரஜன் நம்மை நோக்கியோ விலகியோ போனால் கோடு இடம் மாறும்: வினாடிக்கு 1 கி.மீ. வேகம் சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. பூமி சூரியனைச் சுற்றும் வேகமே வினாடிக்கு 30 கி.மீ., அதைக் கழிக்காமல் விட்டால் அக்டோபர் கிராஃபும் மார்ச் கிராஃபும் ஒட்டவே ஒட்டாது, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதலில் கேட்பது இதைத்தான்.