மாஸ்க்ல காத்து கசியுதா? ஸ்ட்ராப்ப இறுக்காதீங்க, மொதல்ல எங்கன்னு பாருங்க

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை மில்லுல ஷிப்டு வேலை. நாலு வருஷமா சிபேப் மெஷின் போட்டுதான் தூங்குறேன், அதாவது தூக்கத்துல மூச்சு அடைச்சு நிக்காம இருக்க ஹோஸ், மாஸ்க் வழியா காத்த அமுக்கி உள்ள விடுற மெஷின். எங்க தாமான்ல (குடியிருப்புல) இப்ப நாலஞ்சு வீட்ல இந்த மெஷின் இருக்கு, எல்லாரும் என்கிட்ட வந்து கேக்குறது ஒண்ணுதான், மாஸ்க்ல காத்து கசியுது என்னா செய்றது. ரெண்டு பேரு அந்த எரிச்சல்லயே மெஷின தூக்கி அலமாரி மேல வச்சிட்டாங்க. அதுல ஒருத்தர் லோரி ஓட்டுறவரு. அத கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல, ஏன்னா தூக்கத்துல மூச்சு நிக்கிறது வெறும் கொறட்ட விஷயம் இல்ல, மணிக்கு 30 தடவையோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னாலோ ரொம்ப கொறஞ்சாலோ கடுமையான நிலைன்னு டாக்டருங்க கணக்கு பண்றாங்க, எனக்கு டெஸ்ட்ல 41 வந்துச்சு. அதான் தெரிஞ்சத எழுதுறேன்.

மெஷின் வந்த மொத மாசம் விடியக்காலைல வீட்டுக்காரி எழுப்புவா. "என்னாங்க, கொஞ்சம் எந்திரிங்க, பாம்பு சீறுற மாரி சத்தம் வருது." நான் அரத்தூக்கத்துல ஸ்ட்ராப்ப புடிச்சு இன்னும் ஒரு இழு இழுத்துட்டு படுப்பேன். காலைல மூக்குத்தண்டுல செவப்பா கோடு, பத்து நாள்ல தோலு உரிஞ்சு புண்ணே வந்துருச்சு, கசிவு மட்டும் கொறையவே இல்ல.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. மாஸ்க் குஷன கழட்டி வெளிச்சத்துல பாருங்க, ஓரத்துல வெங்காயத் தோலு மாரி மெல்லிசா ஒரு சிலிக்கான் மடிப்பு இருக்கும். மெஷின் காத்து உள்ள வந்ததும் அந்த மடிப்பு உப்பி மொகத்துல ஒட்டிக்கும், கசிவ அடைக்கிறதே அந்த உப்பல்தான். நாம ஸ்ட்ராப்ப இறுக்குனா அது நசுங்கி மடங்கிரும், மடங்குன எடத்துல வழி கெடைச்சு காத்து இன்னும் வேகமா சீறும். அதனால கசியுதுன்னா மொத வேலை, ஸ்ட்ராப்ப கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. அப்புறம் மாஸ்க்க ரெண்டு கையால புடிச்சு மொகத்துலேர்ந்து லேசா முன்னால இழுத்து, மடிப்பு உப்ப விட்டு, மெதுவா திரும்ப உக்கார வைங்க. பாதி கசிவு இதுலயே நின்னுரும். ஸ்ட்ராப்புக்கு அடில ரெண்டு வெரல் நொழையிற அளவு எடம் இருந்தா போதும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். எல்லா மாஸ்க்லயும் முன்னால பொடி பொடியா ஓட்டை இருக்கும், அதுல காத்து வெளிய வந்துகிட்டே இருக்கும். அது கசிவு இல்ல. நாம விடுற கெட்ட காத்து வெளிய போறதுக்குன்னே வச்ச வழி. எனக்கு சொந்தக்காரர் ஒருத்தர் அத லீக்குன்னு நெனச்சு பிளாஸ்டர் போட்டு ஒட்டி வச்சிருந்தாரு, பாத்த எனக்கு கையே நடுங்கிருச்சு. தயவு செஞ்சு அத மட்டும் யாரும் அடைக்காதீங்க.

சரி, மாஸ்க்க எப்படி பொருத்தணும். பெரும்பாலும் கட்டில் ஓரத்துல உக்காந்து, மெஷின் போடாம, கண்ணாடி பாத்து மாட்டிட்டு நல்லாருக்குன்னு படுத்துர்றாங்க. உக்காந்திருக்கும்போது மொகம் ஒரு மாரி இருக்கும், படுத்தா கன்னத்து சதை காதுப் பக்கம் எறங்கிரும், தாடையும் தளர்ந்துரும். அதனால படுத்துகிட்டு, எப்பவும் படுக்குற பக்கமா திரும்பி, மெஷின் ஓடும்போது பொருத்தணும். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, நெறைய பேரு மெஷின்ல ரேம்ப் வச்சிருப்பாங்க, அதாவது ஆரம்பத்துல பிரஷர் 4 மாரி கம்மியா இருந்து போகப் போக ஏறும். நீங்க 4ல பொருத்தி பாத்து கசியலன்னு தூங்கிருவீங்க, அர மணி நேரம் கழிச்சு அது 11, 12ன்னு ஏறும்போது பீய்ச்சி அடிக்கும், அப்ப நீங்க நல்ல தூக்கத்துல இருப்பீங்க. மெஷின் மெனுவுல மாஸ்க் ஃபிட்னு ஒண்ணு இருந்தா அத அமுக்குங்க, கொஞ்ச நேரம் பிரஷர ஏத்தி குடுக்கும், அதுல பொருத்துங்க. இல்லன்னா ரேம்ப நிறுத்திட்டு பாருங்க. ஆனா டாக்டர் வச்ச பிரஷர் நம்பர நீங்களா மாத்தாதீங்க.

இப்ப எங்க கசியுதுன்னு கண்டுபுடிக்கணும். வெரல தண்ணில நனைச்சு குஷன் ஓரமா சுத்தி கொண்டு போங்க, காத்து படுற எடத்துல சில்லுன்னு தெரியும். எனக்கு வீட்டுக்காரி டிஷ்யூ பேப்பர மெல்லிசா கிழிச்சு, கைப்பேசி லைட்டு அடிச்சு புடிச்சுகிட்டு வந்தா, எடது கண்ணுக்கு கீழ வந்ததும் அந்த துண்டு படபடன்னு ஆடுச்சு. ஒரு மாசமா காலைல எடது கண்ணு மட்டும் செவந்து மணல் விழுந்த மாரி உறுத்துனதுக்கு அப்பதான் காரணம் தெரிஞ்சுது.

கண்ணுப் பக்கம் கசிஞ்சா எல்லாரும் மேல் ஸ்ட்ராப்பதான் இறுக்குவாங்க. மூக்கு வாய் ரெண்டையும் மூடுற பெரிய மாஸ்க்ல பாதி நேரம் தப்பு கீழ் ஸ்ட்ராப்புலதான் இருக்கும், கீழ அதிகமா இழுத்தா மேல தூக்கிரும். கீழ கொஞ்சம் விட்டுப் பாருங்க. ஒரு பக்கம் ஒரு கோடு இழுத்தா மறுபக்கமும் அதே அளவு, கோணலா இருக்கக் கூடாது.

கன்னத்துப் பக்கம்னா தலகாணிய பாருங்க. ஒருக்களிச்சு படுக்கும்போது தலகாணி மாஸ்க்க இடிச்சு தள்ளும். தல மட்டும் தலகாணில, மாஸ்க் ஓரத்துக்கு வெளிய தொங்குற மாரி படுங்க. பந்தால் பெலுக்க, அதான் கட்டிப்புடிச்சு படுக்குற நீள தலகாணிய, கட்டிகிட்டு படுத்தா ஒடம்பு மல்லாந்து திரும்பாது, எனக்கு இது ரொம்ப ஒதவுச்சு, மல்லாந்தா மூச்சு அடைக்கிறதும் ஜாஸ்தி. ஹோஸையும் கவனிங்க, அது கட்டிலுக்கு கீழ தொங்கி இழுத்தா மாஸ்க் நகரத்தான் செய்யும். நான் தலமாட்டு சுவத்துல ஒரு கொக்கி அடிச்சு அதுல மாட்டி மேலாப்புல வர்ற மாரி விட்டிருக்கேன்.

வாய் வழியா கசியிறது தனி கத. மூக்கு மாஸ்க் போடுறவங்களுக்கு தூக்கத்துல வாய் தொறந்துரும், காலைல நாக்கு காஞ்சு போயி அண்ணத்துல ஒட்டிக்கும். வாய் ஏன் தொறக்குதுன்னு பாத்தா முக்கால்வாசி மூக்கடைப்புதான். ஜெரெபு (புகைமூட்டம்) நாள்ல எனக்கு கண்டிப்பா இப்படி ஆகும். மெஷின் பின்னால இருக்குற ஃபில்டர எடுத்து பாருங்க, சாம்பல் கலர்ல இருந்தா மாத்துங்க, படுக்குறதுக்கு முன்னால உப்புத் தண்ணி ஸ்பிரே போட்டு மூக்க சுத்தம் பண்ணுங்க, காத்த ஈரமாக்குற ஹியூமிடிஃபையர ஒரு படி கூட்டுங்க. ஏர்கோன் ரூம்ல கூட்டுனா ஹோஸ்ல தண்ணி கோத்து கொளகொளன்னு சத்தம் வரும், அப்ப ஹோஸுக்கு துணி உறை போடுங்க, மெஷின கட்டிலவிட தாழ்வா வைங்க. அப்பவும் வாய் மூடலன்னா தாடைப் பட்டையா, பெரிய மாஸ்க்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வாய்க்கு டேப் ஒட்டுறத நான் சொல்ல மாட்டேன், மூக்கு அடைச்சாலோ ராத்திரி வாந்தி வந்தாலோ ஆபத்து. ராத்திரி பல்செட்ட கழட்டி வைக்கிற பெரியவங்களுக்கு கன்னம் உள்ள போயி கசியும், அதயும் கேட்டுக்கங்க.

நம்ம வீட்டுப் பழக்கத்துல சிலத மாத்தணும். கோடாலித் தைலத்த மூக்குல தடவிட்டு மாஸ்க் மாட்டாதீங்க, எண்ணெய் பட்டா குஷன் வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெட்டுப் போகும். தைலத்த ஹியூமிடிஃபையர் தண்ணில ஊத்தவே கூடாது. தலைக்கு தேங்காண்ணெய் வச்சா காலைல வைங்க, ராத்திரி வச்சா பட்டை பின்னால நழுவும். பவுடர், பெடாக் செஜுக் (மொகத்துல பூசுற குளிர்ச்சி மாவு), கிரீம் எதுவும் வேணாம், மொகத்த சோப்பு போட்டு கழுவி தொடச்சுட்டு மாட்டுங்க. ரெண்டு நாள் தாடி இருந்தா அந்த முள்ளு குஷன தூக்கும், அதனால ஷேவ் பண்றத படுக்குறதுக்கு முன்னால வச்சுக்கலாம். பெரிய மீசைய எடுக்க மனசு வராதவங்க மூக்கு ஓட்டைல உக்கார்ற பில்லோ மாஸ்க் கேட்டு பாக்கலாம். தைப்பூசத்துக்கு முடி எறக்குறவங்க கவனிங்க, மொட்டைக்கு அப்புறம் பட்டை லூஸாகி வழுக்கும், திரும்ப அளவு வைக்கணும், மெல்லிசா பருத்தி குல்லா போட்டு அதுக்கு மேல மாட்டுனா நழுவாது. முடி வளரும்போது இன்னொரு தடவ.

குஷன தினமும் மைல்டான சோப்புத் தண்ணில கழுவி நெழல்ல காய வைங்க, வெயில்ல வேணாம். எவ்ளோ கழுவுனாலும் சில மாசத்துல மஞ்சளாகி தொவண்டுரும், அப்ப எந்த வித்தையும் பலிக்காது, மாத்திரணும். பட்டை ரப்பரும் அப்படித்தான். புதுசு வாங்கும்போது சைஸ் பாத்து வாங்குங்க. சில மாஸ்க்ல கிளிப்புல காந்தம் இருக்கும், பேஸ்மேக்கர் வச்சவங்களும் ஒடம்புல காந்தம் பாதிக்கக்கூடிய உலோகம் வச்சவங்களும் அத வாங்காதீங்க, பக்கத்துல படுக்குறவங்களுக்கு அப்படி இருந்தாலும் அதேதான்.

1981ல சிட்னில காலின் சல்லிவன்ற டாக்டர்தான் இந்த வைத்தியத்த வெளியிட்டாரு, அந்தக் காலத்துல மாஸ்க்க ஒவ்வொரு ராத்திரியும் பசை போட்டு மூக்குல ஒட்டுனாங்களாம். மொத நாள்லேர்ந்தே கசிவுதான் இதுல தலவலி, அதனால உங்களுக்கு மட்டும் வராம ஏமாத்துதுன்னு நெனச்சு விட்டுறாதீங்க.

கொஞ்சம் கசிஞ்சா பயப்பட வேணாம். மெஷினே காத்த கூட்டி சமாளிக்கும். ரெஸ்மெட் மெஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல போனாதான் அதிகம்னு எடுத்துக்கும், மத்த கம்பெனி கணக்கு வேற, சிலது அந்த பொடி ஓட்டை காத்தயும் சேத்து காட்டும், அதனால உங்க நம்பர பக்கத்து வீட்டு நம்பரோட ஒப்பிடாதீங்க. ஒரு ராத்திரி நம்பர பாக்காம ஒரு வாரத்த பாருங்க.

இவ்ளோவும் செஞ்சு ரெண்டு வாரத்துல சரியாகலன்னா, இல்ல பகல்ல திரும்ப தூக்கம் சொக்க ஆரம்பிச்சா, வண்டி ஓட்டாம மொதல்ல கிளினிக் போங்க. மெஷின், ஹோஸ், மாஸ்க், மெமரி கார்டு, வயரு எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு போங்க. அங்க வாயால மட்டும் சொல்லாம, படுத்து, மாட்டி, மெஷின ஓட விட்டு காட்டணும்னு கேளுங்க. நான் ரெண்டாவது தடவ போனப்ப அப்படித்தான் கேட்டேன், அங்க இருந்த மிஸ்ஸி (நர்ஸ்) என்ன கட்டில்ல படுக்க வச்சு பாத்துட்டு, "அண்ணே, உங்களுக்கு ஒரு சைஸ் சின்னது போதும்"னு வேற குஷன் மாட்டி விட்டாங்க. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரி எழுப்பல.